நம்பிமலை: ஜீப்பை விடுங்கள், நடந்து போங்கள்

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நம்பிமலை மேலே இருக்கிற திருக்குறுங்குடி மலைநம்பிப் பெருமாள் கோவிலுக்கு அடிவாரத்தில் இருந்து நடந்தே போய் வந்தேன். இதற்கு முன் நாலைந்து தடவை போயிருக்கிறேன். எல்லாமே குடும்பத்தோடு, ஜீப்பில், புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தில். வழியில் என்ன மரம் நின்றது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஒன்றுகூடச் சொல்லத் தெரிந்திருக்காது. நடந்து பார்த்த பிறகு சொல்கிறேன், நம்பிமலையில் பாதி அந்த வழியில்தான் இருக்கிறது.

திருநெல்வேலியில் இருந்து சுமார் 45 கிலோமீட்டர். நாங்குநேரி, வள்ளியூர், களக்காடு எந்தப் பக்கமாகவும் வரலாம். அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது, ஏனென்றால் இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகக் காடு. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயம் ஆயின, 1988-ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதனால் பூங்காவுக்குப் போகிற மாதிரி போக முடியாது. பிளாஸ்டிக் கூடாது, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும், மழையில் நம்பியாறு பெருகினால் மேலே விட மாட்டார்கள். கிளம்பும் முன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, நடைக்கு வருகிறேன். முதல் பகுதி முள்ளுக்காடு. பலரும் "மேலே போனாத்தான் காடு, இது வெறும் முள்ளு" என்று வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்ததே அந்த இடம்தான். தென்மேற்குப் பருவமழையை மலையின் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்கிறது, நம் பக்கத்து அடிவாரத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை, அதை வைத்து வருஷம் முழுக்க ஓட்டுகிற செடிகள்தான் இங்கே நிற்க முடியும். உடைமரம், சதுரக்கள்ளி, காரை, சூரை. உடைமரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தலை தட்டையாக, குடையை விரித்துப் பிடித்த மாதிரி இருக்கும், குடைவேல் என்ற பெயரே அதனால்தான். கிளையில் நீளமான வெள்ளை முள் ஒரு ஜோடி, அதே கிளையில் கொக்கி மாதிரி வளைந்த குட்டை முள் ஒரு ஜோடி. நெற்று சுருண்டு கிடக்கும், ஆடுகளுக்கு அது என்றால் உயிர். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்த மரம் இயற்கையாக வேறு எங்கும் கிடையாது. அப்பேர்ப்பட்ட மரத்தைச் சீமைக்கருவேலம் என்று நினைத்து வெட்டிப்போட்ட தோட்டங்களை நானே பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கிறது. சீமைக்கருவேலம் கிளை தொங்கிக் கலைந்து கிடக்கும், உடை குடை பிடிக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே போதும்.

கொஞ்ச தூரத்தில், நிழலில் காய்ந்து கிடந்த மண்ணில் சின்னச் சின்னப் புனல் மாதிரி குழிகள். குழியானை, குழிக்குள் பதுங்கி எறும்பு பிடிக்கிற பூச்சி. சின்ன வயசில் வீட்டுத் திண்ணை ஓரம் ஈர்க்குச்சியால் கிளறிப் பிடித்து விளையாடியது. ஒரு எறும்பு விளிம்பில் கால் வைத்துச் சறுக்கியதும் அடியில் இருந்து மண்ணை வாரி வாரி அடித்தது அது. எறும்பு இரண்டு தடவை விளிம்பு வரை ஏறி வந்து மறுபடியும் சரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் குந்தி உட்கார்ந்துவிட்டேன். ஒரு முழம் தள்ளி ஜீப் சக்கரத் தடம், அதில் ஒரு குழிகூட இல்லை.

எனக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு அண்ணாச்சி போய்க்கொண்டிருந்தார், மாசாமாசம் வருகிறவராம். ஒரு மரத்தடியில் நின்று, "தம்பி, இதான் வெப்பாலை. எங்கம்மைக்குச் சொறி வந்து படாத பாடு பட்டப்ப, இந்த இலையத் தேங்காண்ணெயில போட்டு வெயில்ல வச்சுத்தான் தேச்சோம். எண்ணெ அப்படியே கத்திரிப்பூ கலராயிரும்" என்றார். கீழே உதிர்ந்து கிடந்த காய்களைக் காட்டினார், இரண்டு நீளக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு கவட்டை மாதிரி இருந்தன. மரத்தில் இருந்து ஒரு இலைகூட அவர் பறிக்கவில்லை, காப்பகத்துக்குள் பறிக்கவும் கூடாது.

அதற்குப் பிறகு ஏற்றம். பாதை முழுக்கக் கல், ரப்பர் செருப்போடு போனால் கணுக்கால் போய்விடும். மரங்கள் உயர உயர வெயில் குறைகிறது. ஆற்றுச் சத்தம் கேட்கத் தொடங்கும் இடத்தில் நீர்மருது வருகிறது. வெளுத்த வழவழப்பான பட்டை தகடு தகடாக உரியும், காய்க்கு ஐந்து இறக்கை. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க் கோவிலின் தலமரமும் மருதுதான், அங்கே கும்பிட்ட மரத்தை இங்கே காட்டுக்குள் வேர் தண்ணீரில் நனைய நிற்கும்போது பார்ப்பது வேறு அனுபவம்.

எனக்கு மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது, குழியானைக்கு நின்றது உட்பட. நம்பியை நிம்மதியாகச் சேவித்தேன், கூட்டமே இல்லை. தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, காலை வைத்தால் குட்டி மீன்கள் வந்து கொத்துகின்றன.

குறை என்றால் நம்மைப் போல வருகிறவர்கள்தான். பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட், தண்ணீரில் அலசி விட்டுப்போன பழைய துணி. தண்ணீருக்குள் சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களிடம் "இந்தத் தண்ணியத்தான் கீழே ஊரு குடிக்கி" என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், அது சந்தோஷம். அப்புறம் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பது. அது பழகிப்போய் அடுத்து வருகிற ஆச்சியின் பூஜைக்கூடையைப் பிடுங்குகிறது, காட்டில் தேடித் தின்னவேண்டிய நாவலும் அத்தியும் அப்படியே கிடக்கின்றன. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நடக்க முடிந்தவர்கள் மார்கழியில் இருந்து மாசிக்குள், சனிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே ஏறுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை ஜீப்பில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடக்கலாம், மேலே சேர்ந்துகொள்ளலாம். தனியாகப் போக வேண்டாம், கரடியும் யானையும் உள்ள காடு. நான் இறங்கும்போது பாதை ஓரம் பழைய யானை லத்தி ஒன்று கிடந்தது, அதற்குள் இருந்து ஒரு முளை இரண்டு இலை விட்டிருந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "புளி" என்றார்.