மும்பை செம்பூரிலிருந்து ஒரு ஏ.ஐ. ரிவ்யூ: எது நேரத்தை மிச்சம் பிடித்தது, எது தின்றது

ஆபீஸிலும் பில்டிங்கிலும் கேட்கிறார்கள், இந்த ஏ.ஐ. சமாச்சாரத்தில் எதற்குக் காசு கொடுக்கலாம் என்று. 2025-ல் காசு கொடுக்கவே தேவையில்லாமல் போனது தனிக் கதை. ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோவை ஒரு வருடம் சும்மா கொடுத்தது, அக்டோபர் கடைசியில் ஜியோ ஜெமினி ப்ரோவை 18 மாதத்துக்கு அறிவித்தது (மதிப்பு 35,100 ரூபாயாம்), நவம்பரில் மாதம் 399 ரூபாய் சாட்ஜிபிடி கோவும் ஒரு வருடத்துக்கு இலவசம் என்றார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கம்பெனி சிம்மும் உண்டு, ஆக மூன்றும் கைக்கு வந்துவிட்டன. இனி எது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில் இவற்றிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பிரமாதம், காகிதமே இல்லாமல் பதில் கேட்டால் நமக்குத்தான் இரட்டை வேலை.

எனக்கு வாஷியில் எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் வேலை. எவர்சில்வர் பாத்திரம், குக்கர், இப்படிச் சரக்கு நாவா ஷேவா துறைமுகம் வழியாகப் போகும். இந்த வேலையில் கண்ணைப் பிடுங்குவது எல்.சி. வாசிப்பது (லெட்டர் ஆஃப் கிரெடிட், கேட்ட டாக்குமெண்டைச் சரியாகக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் பேங்க் தரும் உறுதி). பேங்க்கிலிருந்து எம்.டி. 700 என்ற படிவத்தில் வரும் அந்தத் தாளை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் பெரிய எழுத்தில், முற்றுப்புள்ளி எங்கே என்று தேட வேண்டும், 46ஏ கட்டத்தில் என்னென்ன டாக்குமெண்ட், 47ஏ கட்டத்தில் இன்னும் என்னென்ன நிபந்தனை என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதில் ஒரு வரியைத் தவறவிட்டால் பேங்க் டிஸ்க்ரிபன்சி, அதாவது எல்.சி.யோடு பொருந்தவில்லை, என்று திருப்பி அனுப்பும், அதற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும்.

இப்போது நான் பார்ட்டி பெயர், பேங்க், கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அந்தத் தாளை நோட்புக்எல்எம்மில் போடுகிறேன். கூகுளுடையது, நாம் போட்ட கோப்பை மட்டும் வைத்துப் பதில் சொல்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், தட்டினால் அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். எத்தனை காப்பி இன்வாய்ஸ், இன்ஷூரன்ஸ் எத்தனை சதவிகிதத்துக்கு, பி.எல்.-இல் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) யார் பெயர், கடைசி ஷிப்மெண்ட் தேதி எது என்று கேட்டு ஒரு அட்டவணை வாங்கிக்கொள்கிறேன். அரை நாள் வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது, சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரிபார்க்காமல் ஒரு தாளும் என் மேஜையை விட்டுப் போகாது.

காகிதம் இல்லாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே எல்.சி.யில் உதாரணம் இருக்கிறது. கப்பல் கிளம்பி எத்தனை நாளுக்குள் டாக்குமெண்டை பேங்க்கில் கொடுக்க வேண்டும் என்று எந்த ஏ.ஐ. சாட்டில் கேட்டாலும் 21 நாள் என்று வரும். தப்பில்லை, எல்.சி.களுக்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600 அதைத்தான் சொல்கிறது, எல்.சி. காலாவதியாவதற்குள் என்ற நிபந்தனையோடு. ஆனால் என் கையில் இருந்த எல்.சி.யின் 48-ஆம் கட்டத்தில் 15 நாள் என்று போட்டிருந்தது. அப்போது 15 தான் கணக்கு. பொது அறிவில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பதிலை நம்பிப் போயிருந்தால் பேமெண்ட் தொங்கியிருக்கும்.

எச்.எஸ். கோடு, அதாவது கஸ்டம்ஸுக்காக ஒவ்வொரு சரக்குக்கும் உள்ள எண், இதைவிட மோசம். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது, கடைசி இரண்டு நம் நாட்டுக்கென்று சேர்த்தது, ரோடெப் (ஏற்றுமதியாளருக்கு வரியைத் திருப்பித் தரும் அரசுத் திட்டம்) சரியாக வர அந்தக் கடைசி இரண்டும் சரியாக இருக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் 7323, அலுமினியப் பாத்திரம் 7615 என்பது வரை நான் முயன்ற எல்லாமே ஒழுங்காகச் சொல்கின்றன, எட்டு இலக்கம் கேட்டதும் ஆளுக்கொன்று சொல்கின்றன, சொல்கிற தொனியில் மட்டும் துளி சந்தேகம் இருக்காது. கடைசியில் டாரிஃப் புத்தகத்தைத்தான் திறக்கிறேன். அப்புறம் எதற்கு நடுவில் இது? இதில் மாட்டியது நம்மைப் போன்றவர்கள் மட்டும் இல்லை, 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வருமான வரி மதிப்பீட்டு ஆணையையே ரத்து செய்தது, அதில் மேற்கோள் காட்டியிருந்த தீர்ப்புகள் இல்லவே இல்லாதவை, ஏ.ஐ. கொடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள் என்று நீதிபதிகள் எழுத வேண்டியதாயிற்று.

மீட்டிங் குறிப்பு எடுக்கும் ஆப் ஒன்றையும் ஆபீஸில் வைத்துப் பார்த்தோம், பெயர் வேண்டாம். எங்கள் மீட்டிங்கில் இந்தி பாதி, மராத்தி கால், மிச்சம் ஆங்கிலம், நடுவில் நானும் தூத்துக்குடிக்காரர் ஒருவரும் தமிழில் முணுமுணுப்போம். "டெமரேஜ் யார் கட்டுவது" என்ற விவாதம் (துறைமுகத்தில் சரக்கு தேங்கினால் விழும் கட்டணம் அது) முழுவதையும் ஆப் மேரேஜ் என்று எழுதி வைத்திருந்தது. எல்லோரும் சிரித்தோம், ஆனால் அதைத் திருத்த உட்கார்ந்த நேரத்தில் நானே கையால் எழுதியிருப்பேன்.

வீட்டில் இதனால் உண்மையான லாபம் மகளின் மராத்திப் பாடம்தான். 2020 சட்டப்படி மகாராஷ்டிராவில் எந்த போர்டு பள்ளியானாலும் மராத்தி கட்டாயம், எனக்கோ கடைக்காரரிடம் பேசுகிற அளவுதான் வரும். பாடப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஜெமினியில் போட்டு "தமிழில் விளக்கு" என்றால், எந்தச் சொல் ஆண்பால், எது பெண்பால், எது இரண்டும் இல்லை என்று பிரித்துச் சொல்கிறது, பள்ளி சர்க்குலரையும் படித்துச் சொல்கிறது. கட்டுரை எழுத மட்டும் விடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பேராசிரியர் மராத்தி வரும், டீச்சர் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்.

பில்டிங் விஷயத்துக்கும் நோட்புக்எல்எம்தான். சொசைட்டி (பில்டிங்கில் வீடு உள்ளவர்களின் கூட்டுறவுச் சங்கம்) துணைவிதிகளை அதில் ஏற்றி வைத்தேன். வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் எவ்வளவு கூடுதலாக வாங்கலாம் என்ற பழைய சண்டை எழுந்தபோது, சர்வீஸ் சார்ஜில் 10 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்ற வரியைச் செக்ரட்டரிக்கு அப்படியே போனில் காட்டினேன். "அட, இது முன்னாடியே கிடைச்சிருந்தா ரெண்டு மீட்டிங் மிச்சமாச்சே அண்ணா" என்றார், அவர் தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழர், செக்ரட்டரி என்ற முறையில் எனக்கு முன்னால் அவருக்குத்தான் அந்த விதி தெரிந்திருக்க வேண்டும், சரி போகட்டும். இதிலேயே கோப்பைத் தமிழில் இரண்டு பேர் பேசுகிற ஆடியோவாக மாற்றித் தரும் வசதியும் உண்டு. செம்பூரில் ஏறி வாஷியில் இறங்குவதற்குள் கேட்கலாம் என்று நினைத்தேன், காலை எட்டரை மணி ஹார்பர் லைனில் யாருக்கும் எதுவும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது கேட்கச் சரியாக இருக்கிறது.

வாரச் சமையல் திட்டம் போடச் சொல்வது வீண். மாட்டுங்கா மார்க்கெட்டில் இன்று எந்தக் காய் மலிவு என்று தெரியாமல் யார் போட்டாலும் அது திட்டம் இல்லை. மின்னஞ்சல் எழுதித் தருவதும் அப்படித்தான், நாலு வரியில் முடிகிறதை நாற்பது வரியாக்கும்.

ஆபீஸ் கோப்பைப் போடுவதற்கு முன் உங்கள் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில் ஆபீஸ் கணினியில் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஊழியர்களுக்குச் சொன்னது.

இலவசக் காலம் முடிந்தால் ஒன்றுக்கு மட்டும் காசு கொடுப்பேன், கோப்பைப் படிப்பதற்கு. அதற்குக்கூட நோட்புக்எல்எம்மின் இலவசப் பதிப்பே ஒரு நோட்புக்கில் 50 கோப்பு வரை தாங்கும், எனக்கு அது தாராளம். மற்றவற்றுக்கு யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருந்தால் இலவசம் முடியும் தேதியைக் குறித்துவைத்து அதற்கு முந்தின வாரமே ரத்து செய்துவிடுங்கள்.