புத்தகம் போடப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் என் ஊர். அப்பா நாற்பது வருடம் ரப்பர் பால்வெட்டுக்கு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்குப் போனவர். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடக்கும் அவரை வைத்து மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன். அதைப் புத்தகமாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு சென்னைப் பதிப்பகத்திடம் போன வருடம் 48,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். நம் மாவட்டத்தில் எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களில் ஒருவராவது தப்பட்டும்.

நாவலை அனுப்பிய மூன்றாம் நாளே போன் வந்தது. "அருமையா இருக்கு சார், உடனே போட்டுடலாம்." அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படித்துத் தேர்ந்தெடுக்கிற பதிப்பகம் மாதக்கணக்கில் எடுக்கும். அச்சுச் செலவை அவர்களே போடுவார்கள், நமக்கு ராயல்டி தருவார்கள்; தமிழில் அது பெரும்பாலும் புத்தக விலையில் பத்து சதவீதம். நாம் பணம் கட்டிப் போடுவதும் தவறில்லை. ஆனால் அப்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பில்லைப் பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு, அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணுக்கு, 5,000. இந்தியாவில் அது இலவசம். கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் எழுதியவரே ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கலாம். பதிப்புரிமைப் பதிவுக்கு 6,000. எழுதி முடித்ததுமே உரிமை நம்முடையதாகிவிடுகிறது, பதிவு கட்டாயமே இல்லை. பதிந்தாலும் அரசுக் கட்டணம் 500 தான். நூலக ஆர்டர் வாங்கித் தர 10,000. பொது நூலகத் துறை எந்தப் புத்தகத்தை எடுக்கும் என்று முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது.

300 பிரதி அடிப்பதாகப் பேச்சு. பார்சலில் வந்தது 25. மீதி குடோனில் இருக்கிறதாம். அச்சக பில்லைக் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. கோட்டாறில் அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். எழுத்து லேசாக மினுங்கியது. "இது டிஜிட்டல் பிரிண்ட். இருபது, முப்பது பிரதி மட்டும்கூட அடிக்கலாம்" என்றார்.

பணத்தைக்கூட விடுங்கள். மெய்ப்புத் திருத்தம் என்று வாங்கிய காசுக்கு, 'பால் வெட்டப் போனார்' என்று நான் எழுதிய இடமெல்லாம் 'பால் கறக்கப் போனார்' ஆகியிருந்தது. கடைசிப் புரூஃபை எனக்குக் காட்டவே இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, "நாம எப்பம் மக்ளே மாடு வளத்தோம்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒப்பந்தம் அதைவிட மோசம். 'அனைத்து உரிமைகளும் வாழ்நாள் முழுவதும் பதிப்பகத்துக்கே' என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பிறகு படித்தேன். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த எல்லைக்குள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். என் ஒப்பந்தத்தில் அவர்கள் காலத்தைத் தெளிவாகவே குறிப்பிட்டுவிட்டார்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இப்போது நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். நீங்களும் போனில் பேசுவதோடு விடாதீர்கள், எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வந்த 25 பிரதியிலும் 'கறக்க' என்பதை அடித்து, 'வெட்ட' என்று பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் திருத்திய பிரதி அப்பாவிடம் இருக்கிறது.