பொதுப்பெயர் மாத்திரைகள்: விலை குறைவு, மருந்து குறைவில்லை

ஒரே உட்பொருள், ஒரே மில்லிகிராம் அளவு. ஓர் அட்டையில் விளம்பரங்களில் கேட்டுப் பழகிய வணிகப் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது. மற்றொன்றில் மருந்தின் பொதுப்பெயர் மட்டுமே இருக்கிறது. ஜெனரிக் என்று சொல்லி வாங்கும் இந்த இரண்டாவது வகையை, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் அவ்வப்போது வரும் காய்ச்சல், தலைவலிக்கும் எங்கள் வீட்டில் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறோம். மருந்துச் செலவைக் குறைக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் உடல்நலத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் பெரும் பணத்தை மிச்சப்படுத்தும் வழி இதுவே என்பது என் உறுதியான கருத்து. இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றையும் தெளிவாகவே எழுதுகிறேன்.

விலை குறைவதற்குக் காரணம் தரக்குறைவு என்று நினைப்பவர்கள் பலர். உண்மைக் காரணம் வேறு. ஒரு மருந்தை முதலில் உருவாக்கும் நிறுவனம், அது நோயைக் குணப்படுத்துகிறது என்பதையும் பாதுகாப்பானது என்பதையும் பெரிய அளவிலான ஆய்வுகளின் வழியாக மெய்ப்பிக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பொதுவாக 20 ஆண்டுக் காப்புரிமை கிடைக்கிறது. காப்புரிமை முடிந்த பின் வரும் நிறுவனங்கள் அந்த ஆய்வுகளை முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் ஒரே மருந்தைச் செய்து போட்டியிடுவதால் விலை இறங்குகிறது.

ஆனாலும் புதிதாக வருபவர்கள் ஒன்றை மெய்ப்பித்தே ஆக வேண்டும். தங்கள் மாத்திரையிலிருந்து மருந்து இரத்தத்தில் கலக்கும் அளவும் வேகமும் மூல மருந்தோடு ஒத்திருக்கின்றன என்பதே அது. தன்னார்வலர்களுக்கு இரண்டையும் வெவ்வேறு சமயங்களில் கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் இரத்தம் எடுத்து அளந்து பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் 90 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது அளவீட்டின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் முழுவதுமாக அடங்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. இந்த எண்களைப் பார்த்துவிட்டு, ஜெனரிக் மாத்திரையில் 20 விழுக்காடு மருந்து குறைவாக இருக்கலாம் என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. சராசரி மட்டும் அந்த எல்லைக்குள் இருந்தால் போதாது. அளவீட்டின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து உள்ளே அடங்க வேண்டும் என்பதால், உண்மையான வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தால்தான் ஒரு மருந்து இந்தச் சோதனையைத் தாண்ட முடியும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை தன்னிடம் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சேரும் மொத்த மருந்தளவில் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 3.5 விழுக்காடாகவே இருந்தது.

எங்கள் வீட்டு அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. அம்லோடிபினையும் மெட்ஃபார்மினையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே பொதுப்பெயர் மருந்துகளுக்கு மாற்றினோம். இரத்த அழுத்தமும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையின் அளவும் முன்பிருந்த நிலையிலேயே நின்றன. குறை என்று சொல்வதானால் அது புறத்தோற்றத்தைப் பற்றியது. சில தயாரிப்புகளில் மேல்பூச்சு மெலிதாக இருப்பதால் விழுங்குமுன் நாக்கில் கசப்பு தட்டும். சில அட்டைகளில் எழுத்து மிகப் பொடியாக இருப்பதால் முதியவர்களால் தாங்களாகப் படித்து எடுக்க முடிவதில்லை. உட்பொருள் ஒன்றானாலும் நிறமிகளும் சேர்ப்புப் பொருள்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை போன்றவை ஒவ்வாதவர்கள் அட்டையையும் உள்ளிருக்கும் தாளையும் ஒருமுறை படித்துவிடுவது அவசியம்.

மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் அன்றாட மருந்துகளில்தான் பெயருக்காகக் கொடுக்கும் பணம் மிகுதி என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. முதுகுவலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று என்று நியூரோஃபென் என்ற வணிகப் பெயருள்ள வலி மாத்திரைகள் தனித்தனிப் பெட்டிகளில், அதே பெயரின் வழக்கமான மாத்திரையைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. எல்லாவற்றிலும் இருந்தது ஐபுப்ரூபன் லைசின் 342 மில்லிகிராம் என்ற ஒரே பொருள், ஒரே அளவு. இது நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவது என்று 2015இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அபராதம் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தப்பட்டது. விழுங்கிய மாத்திரை இரத்தத்தின் வழியாக உடல் முழுவதும் செல்கிறதே தவிர, பெட்டியில் எழுதியுள்ள இடத்தைத் தேடிப் போவதில்லை. மருந்தைப் பற்றி நன்கறிந்தவர்கள் தமக்கு எதை வாங்குகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதலை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், தலைவலி மருந்து வாங்கும்போது சராசரி நுகர்வோர் 26 விழுக்காடு முறை பிரபலப் பெயரைத் தேர்ந்தெடுக்க, மருந்தாளுநர்களோ 9 விழுக்காடு முறைதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சளிக்கும் இருமலுக்கும் விற்கப்படும் கூட்டு மருந்துகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவை பொதுப்பெயரிலேயே வந்தாலும் சரி. ஒரே மாத்திரையில் மூன்று நான்கு பொருள்கள் இருக்கும்போது தேவையற்றதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். அவற்றில் மூக்கடைப்புக்கென்று சேர்க்கப்படும் ஃபினைல்எஃப்ரின், வாய்வழி உட்கொள்ளும்போது பயன் தருவதில்லை என்று அமெரிக்க நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாக முடிவு செய்தது. இதைவிடக் கவலை தருவது பாராசிட்டமால். காய்ச்சலுக்கு அதைத் தனியாக எடுத்துக்கொண்டிருப்பவர், சளி மாத்திரையிலும் அதுவே இருப்பதை அறியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம்; அதைத் தாண்டினால் கல்லீரல் கெடக்கூடும். எந்தத் தொல்லை இருக்கிறதோ அதற்குரிய ஒற்றை மருந்தைப் பொதுப்பெயரில் வாங்குவது செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளிலும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் உள்ளன. பழைய மருந்தின் காப்புரிமை முடியும் காலத்தில், அதன் மூலக்கூறின், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போலிருக்கும் இரண்டு வடிவங்களில் ஒன்றை மட்டும் பிரித்துப் புதிய மருந்தாகக் கொண்டுவருவது மருந்துத் தொழிலில் வழக்கம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலிலிருந்து எசோமெப்ரசோலும், ஒவ்வாமைக்கான செட்டிரிசினிலிருந்து லெவோசெட்டிரிசினும் அப்படி வந்தவையே. சிலருக்குப் புதியது பொருத்தமாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குப் பழையதே போதும். “டாக்டர், இதே வேலையைச் செய்யும் பழைய மருந்து எனக்குப் போதுமா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஆண்டுக்கொருமுறை எடுத்துச் சென்று காட்டி, இனி எது வேண்டாம் என்று கேட்பதும் அப்படியே. நிறுத்தப்பட்ட மருந்துக்குச் செலவே இல்லை.

இனி, விலையைப் பார்த்து மட்டும் மாறக்கூடாத இடங்கள். மருந்தை உடலுக்குள் மெதுவாக விடுவிக்கும் நீண்டநேர மாத்திரைகளில், மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதோடு அது எந்த வேகத்தில் வெளிவருகிறது என்பதும் முக்கியம். மனச்சோர்வுக்கான புப்ரோபியானின் 300 மில்லிகிராம் நீண்டநேர ஜெனரிக் ஒன்று, 150 மில்லிகிராமில் நடந்த சோதனையின் அடிப்படையிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. தங்களுக்குப் பலன் குறைந்துவிட்டது என்று நோயாளிகள் தொடர்ந்து முறையிட்டார்கள். 300 மில்லிகிராமிலேயே சோதித்தபோது அது மூல மருந்துக்குச் சமமில்லை என்று தெரியவந்து, 2012இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. நோயாளிகள் சொன்னதே இறுதியில் சரியாக இருந்தது என்பதால், மாத்திரை மாறிய பின் உடல் வேறுபாட்டை உணர்ந்தால் அதை மனப்பிரமை என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தைராய்டுக்கான லெவோதைராக்சின், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான பெனிட்டாயின், கார்பமசெபின், உறுப்பு மாற்றச் சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் ஆகியவற்றில் போதுமான அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. இவற்றில் ஜெனரிக் கூடாது என்பதில்லை. ஒரு மாதம் ஒரு நிறுவனத்தின் மாத்திரை, மறுமாதம் வேறொன்று என்று கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்குவதுதான் கூடாது. மாற நேர்ந்தால் மருத்துவருக்குத் தெரிவித்து, உரிய இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு, அதன் பின் அந்த ஒரே தயாரிப்பில் நிலைத்திருப்பது நல்லது.

கூடுதல் அளவுள்ள மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்து எடுப்பது இன்னொரு சிக்கன வழி. நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரைகளுக்கு, மருத்துவரோ மருந்தாளுநரோ சரி என்று சொன்னால் மட்டும் இதைச் செய்யலாம். நீண்டநேர மாத்திரைகளையும், வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் பூச்சுள்ளவற்றையும் உடைக்கவே கூடாது. பல மாதங்களுக்குச் சேர்த்து வாங்குபவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கட்டும். சந்தை விலைக்கு நம்ப முடியாத அளவு குறைவாக, அதுவும் மருந்துச் சீட்டே கேட்காமல் அனுப்பிவைக்கும் இணையக் கடைகளை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் புழங்கும் மருத்துவப் பொருள்களில் பத்தில் ஒன்று தரமற்றதாகவோ போலியாகவோ இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. உரிமம் பெற்ற கடையில், ரசீதோடும் தொகுதி எண்ணோடும் வாங்கும் ஜெனரிக் மருந்து வேறு. எங்கிருந்தோ வரும் மலிவு மாத்திரை வேறு.

பொதுப்பெயர் மருந்துகளில் எனக்கு இன்னும் மனக்குறையாக இருப்பது, நிறமும் வடிவமும் அடிக்கடி மாறுவதுதான். மாரடைப்புக்குப் பின் மருந்து எடுப்பவர்களிடையே அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது அதை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியது. நிறுத்திவிடுவது ஒரு பக்கம். பழைய அட்டையில் மீதமுள்ளதையும் புதிய அட்டையையும் வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் எடுத்துவிடுவது இன்னொரு பக்கம். ஆகவே கடையில் பணம் கொடுப்பதற்கு முன்பே, இது எதற்குப் பதிலாக வந்திருக்கிறது என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொண்டு, நோயின் பெயரையும் மருந்தின் பொதுப்பெயரையும் வேளையையும் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.