மார்கழி விடியலில் ரயர்க் காற்று: நைதரசனா, வீட்டுப் பம்பா?

மார்கழி இரண்டாம் வாரம். விடிய ஐந்தரை மணி. இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதியோரம் எங்கள் வீடு. முற்றத்தில் கார் பனியில் நனைந்து நிற்கிறது. கொழும்பிலிருந்து வந்திருந்த மச்சானிடம் காற்றுப் பார்க்கும் கேஜ் ஒன்று இருந்தது. அதை வாங்கி ஒவ்வொரு சில்லாகப் பொருத்திப் பார்த்தேன். 29, 29, 28, 26. ஆவணியில் வவுனியாவில் பணம் கொடுத்து நைதரசன் நிரப்பிய ரயர்கள் அவை. அன்று நான்கிலும் 33 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அமுக்க அளவு). "அண்ணா, இனி ஆறு மாதத்துக்கு நீங்கள் காற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்" என்று கடையில் நின்ற தம்பி உறுதியாகச் சொல்லி, வால்வுகளுக்குப் பச்சை மூடியும் போட்டு அனுப்பியிருந்தார்.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. தனக்குச் சொல்லித் தந்ததைத்தான் அவர் எனக்குச் சொன்னார். ஆனால் அந்த விடியலுக்குப் பிறகு நான் நைதரசனை விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் ஒரு கேஜும், காரின் சிகரட் லைற்றர் துளையில் செருகும் 12 வோல்ற்றுச் சிறிய பம்பும் வைத்திருக்கிறேன். சாதாரணக் காற்றுத்தான். வன்னிக்குள் கார் வைத்திருப்பவர்களுக்கு இதுவே பொருத்தம் என்பது என் முடிவு.

வன்னியில் என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். 2022 மார்கழியில் மன்டோஸ் புயல் வந்தபோது முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மேய்ச்சல் மாடுகள் குளிர் தாங்காமல் கூட்டம் கூட்டமாக இறந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அப்படியான நாட்கள் அரிதுதான். ஆனால் ரயருக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. நண்பகல் 33 பாகைக்கும் விடியல் 21 பாகைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே போதும்.

கணக்கு எளிது. கேஜ் காட்டும் 33 என்பது வெளிக்காற்றுக்கு மேலதிகமாக உள்ள அமுக்கம். வளிமண்டலத்தின் 14.7ஐயும் கூட்டினால் 47.7. அடைபட்ட வாயுவின் அமுக்கம், கெல்வின் அளவிலான (செல்சியஸ் பாகையோடு 273ஐக் கூட்டிய) வெப்பநிலைக்கு ஏற்பக் கூடும், குறையும். நம் ஊர் வெப்பநிலையில் பத்துப் பாகை இறங்கினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். இந்த விதியில் நைதரசனுக்குத் தனிச் சலுகை கிடையாது. சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். மிச்சமுள்ள ஒட்சிசனும் உலர்ந்த நிலையில் அதே கணக்கில்தான் விரிகிறது, சுருங்குகிறது. "நைதரசன் குளிருக்குச் சுருங்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் 33 எப்படி 29 ஆனது என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. ஆவணி வெயிலில் மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் ஏறி, வவுனியா வரை ஓடிப்போய் இறங்கிய சூட்டோடுதான் நிரப்பினார்கள். உள்ளே 45 பாகை இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதே வாயு 21 பாகைக்கு வரும்போது 29 ஐ விடச் சற்றே கூடுதலாக நிற்கும். ஒரு துளி வெளியேறாமலேயே மூன்றரை பிஎஸ்ஐ போய்விட்டது. 26 காட்டிய சில்லில் மட்டும் உடைமுள் ஒன்று முறிந்து நின்றது. முள் குத்திய துவாரத்தால் நைதரசனும் காற்றும் ஒன்றாகவே போகும்.

நைதரசன் மெதுவாகக் கசியும் என்பது உண்மை. ஒட்சிசனை விட நைதரசன் இறப்பருக்குள் ஊடுருவுவது குறைவு. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை 2006 - 2007 காலத்தில் 31 வகை ரயர்களை இரண்டு முறையிலும் 30 பிஎஸ்ஐக்கு நிரப்பி ஒரு வருடம் வெளியே வைத்துப் பார்த்தது. காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 இழந்தன, நைதரசன் நிரப்பியவை 2.2 இழந்தன. வருடம் முழுவதற்கும் வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ. ஒரு மார்கழி விடியல் அதைவிடக் கூடுதலாக இறக்கிவிடும்.

ஆகவே எந்த வாயுவை நிரப்பினாலும் கேஜ் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். எங்கே, எப்போது பார்க்கிறோம் என்பதுதான் எனக்கு முடிவைத் தந்தது. காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு, குளிர்ந்த ரயருக்கானது. குளிர்ந்த ரயர் என்றால் கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நகரத்தில் கடைக்கு அருகில் குடியிருப்பவருக்கு இது இயலும். எங்களுக்கு எப்படி இயலும்? கொம்பிரசர் உள்ள இடத்துக்குப் போய்ச் சேரும்போதே ரயர் சூடாகிவிடும். ஓடிய ரயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறியிருப்பது வழக்கம். அங்கே 33 காட்டியதும் "காற்றுச் சரி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அடுத்த நாள் விடிய அது முப்பதுக்கும் கீழே நிற்கும். இந்தச் சுற்றில் நான் வருடக்கணக்காக ஓடியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மழைத்தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத கிடங்குகளில் விழுந்து எழும்பி ஓடிய கார் அது. காற்றுக் குறைந்த ரயர் கிடங்கில் விழும்போது பக்கச்சுவர் நசுங்கி, றிம்மில் நேரடியாக அடி விழும். ஈர வீதியில் தண்ணீரை வெட்டி ஒதுக்கும் வலுவும் குறையும். எங்களுக்குக் குளிரும் மழையும் ஒரே மாதங்களில் வருவதால் இரண்டு கேடும் சேர்ந்தே வருகின்றன.

வீட்டுப் பம்ப் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. வெயில் ஏறுமுன் முற்றத்தில் பார்த்து, அங்கேயே நிரப்பிவிடலாம். இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். பற்றரி இறங்காமல் இருக்க எஞ்சினை ஓடவிட்டுத்தான் அடிக்கிறேன். சிறிய பம்ப்கள் விரைவில் சூடேறும்; இரண்டு சில்லுக்கு ஒருமுறை ஆறவிடுவது நல்லது. பம்பில் பொருத்தியிருக்கும் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். என்னுடையது தனிக் கேஜை விட இரண்டு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டுகிறது. கால் பம்ப் இன்னும் மலிவு, வேலையும் செய்யும். முழங்கால் நோகாதவர்கள் அதையே வாங்கலாம்.

நைதரசனுக்கு உள்ள உண்மையான நன்மை ஈரமின்மை. மாரி காலத்தில் கடைக் கொம்பிரசரின் தாங்கியில் தண்ணீர் சேரும். அதைத் திறந்துவிடாமல் அடித்தால் ஈரம் ரயருக்குள் போகும். ஈரம் ஆவியாகும்போது அமுக்கம் மேலே சொன்ன கணக்கை மீறி ஏறும். விமானச் சில்லுகளுக்கு நைதரசன் அடிப்பதற்கு ஈரமின்மையும் ஒரு காரணம். வவுனியா நகருக்குள் இருந்துகொண்டு வாரந்தோறும் கொழும்பு போய்வருபவர், கடை பக்கத்திலேயே இருந்தால், நைதரசன் அடிப்பதை நான் குறைசொல்லமாட்டேன். ரயர் கூடுதல் காலம் உழைக்குமா என்று கேட்டால், நான் அதை வைத்திருந்தது சில மாதங்கள்தான். என் அனுபவம் அந்தக் கேள்விக்குப் போதாது. ஏற்கெனவே நைதரசன் இருக்கும் ரயரில் சாதாரணக் காற்றைக் கலக்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். தாராளமாகக் கலக்கலாம்.

நுவரெலியாவுக்கு ஒருமுறை போனபோது ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கடுங்குளிர் விடியலில் பெரிய வீழ்ச்சியை எதிர்பார்த்துக் கேஜ் பிடித்தால், வீட்டில் காட்டிய அளவே ஏறத்தாழக் காட்டியது. 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் ஏறத்தாழ மூன்று பிஎஸ்ஐ குறைவு. குளிர் இறக்கியதை உயரம் ஈடுசெய்துவிட்டது. எங்கள் சமதரையில் அந்த ஈடு கிடையாது.

எந்த அளவுக்கு நிரப்புவது என்பதில்தான் இங்கே பலர் தவறுகிறார்கள். ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. ஜப்பானிலிருந்து வந்த கார்களில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு கிலோ பஸ்கால் என்ற அலகில் இருக்கும். என்னுடையதில் 230, அதை 6.9ஆல் வகுத்தால் 33. குளிருக்கென்று மேலதிகமாக ஏற்றத் தேவையில்லை. மார்கழி விடியலில் அந்த அளவுக்கு நிரப்பியது சித்திரை விடியலில் ஒரு பிஎஸ்ஐ வரை கூடி நிற்கும், அதனால் கேடில்லை. ஓடிவந்த சூட்டில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுவதுதான் பிழை.

பம்ப் வாங்கக் கடைக்குப் போகுமுன் காரின் பின்பெட்டியைத் திறந்து, அடித்தட்டுப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். ஜப்பானியச் சிறிய கார்கள் பலவற்றில் ஸ்பெயார் சில்லுக்குப் பதிலாக, துவாரத்தை அடைக்கும் பசைப் போத்தலும் ஒரு 12 வோல்ற்றுப் பம்பும் வைத்து அனுப்பியிருப்பார்கள். மச்சானின் காரில் அது உறை பிரிக்காமலே கிடந்தது.