அரத்தில் அடித்த ஹமோன் கத்தி: நாலு வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

தூத்துக்குடிக் கூட்டாளி போன வாரம் கூப்பிட்டான். "மாப்ள, நீ பண்ணினியே கோடு போட்ட கத்தி, அதே மாதிரி நானும் ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன். பாடு படுறதுக்கு அது தகுமா?"

கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்றைக்குக் காலையில்தான் சாணைக் கடையிலிருந்து கத்தியை வாங்கி வந்து, அதன் நுனியைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். அதனால் இந்தப் பதிலில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கத்தியை அவன் பார்த்திருக்கிறான். பழைய தட்டை அரத்தில் செய்தது, எட்டு அங்குல வாய், பூவரசங் கைப்பிடி. நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளும் எங்களுக்கு வேலை மந்தம். அப்படியொரு தடைக்காலத்தில் பிடித்த கிறுக்கு இது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹமோன் என்பது கத்தியின் மேல் கீறிய கோடு இல்லை. ஜப்பான்காரர்கள் முதுகுப் பக்கம் தடிமனாகவும் வாய்ப் பக்கம் மெலிசாகவும் மண்ணைப் பூசிச் சூடேற்றித் தண்ணீரில் இறக்குவார்கள். மெலிசாகப் பூசிய வாய் சட்டென்று குளிர்ந்து மார்ட்டன்சைட் என்ற கடின உருக்காகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் முதுகு ஆறஅமரக் குளிர்வதால் பியர்லைட்டாகி, வளைந்துகொடுக்கும் பதத்தில் நிற்கும். இரண்டும் சந்திக்கிற எல்லைதான் அந்தக் கோடு.

கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா? முதல் கத்தியை லாரி வில் பட்டையில் செய்தேன். மண் பூசி, எண்ணெயில் இறக்கி, மூன்று நாள் தேய்த்தும் கோட்டைக் காணோம். அந்த உருக்கில் குரோமியமும் மாங்கனீசும் இருப்பதால் மெதுவாகக் குளிர்ந்தாலும் உள்வரை கடினமாகிவிடுகிறது. மண்ணைப் பூசினால் என்ன, பூசாவிட்டால் என்ன, முதுகும் வாயும் ஒரே பதம். கோடு விழ வேண்டுமென்றால் மாங்கனீசு குறைந்த, கார்பன் மட்டும் நிறைந்த உருக்கு வேண்டும். பழைய அரத்தை அப்புறம்தான் தேடிப் பிடித்தேன். அதிலும் ஒரு அரத்தைத் தண்ணீரில் இறக்கியபோது 'டிங்' என்று ஒரு சத்தம். வாயில் முடி அளவுக்கு விரிசல். அரத்தின் பல்லை முழுசாகத் தேய்த்து எடுக்காமல் அவசரப்பட்டதற்குத் தண்டனை அது. ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்குகிற இடம்.

இப்போது வீட்டில் இருப்பது மூன்றாவது கத்தி. கண்மாய்க் களிமண் மட்டும் பூசினால் காயும்போதே வெடித்து உதிர்கிறது. கரித்தூளும் சலித்த மணலும் கலந்த பிறகுதான் நின்றது. கரிக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை, சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு லோடு லோடாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அந்தக் கரிக்குச் சூடு அதிகம். துருத்திக் காற்றைக் கொஞ்சம் கூட்டினாலும் நுனி மஞ்சளாகிவிடும். இருட்டிய பிறகுதான் நிறம் தெரியும் என்பதால் இரவில் செய்தேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒட்டாமல் போனால் 770 டிகிரி தாண்டிவிட்டது என்று கணக்கு, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் சிவந்த இரும்புக்குள் ஒரு நிழல் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். அதற்காகவே இன்னொரு கத்தி செய்யலாம். (அவசரப்படாதே, இது தீர்ப்பு இல்லை.) தண்ணீரில் மூன்று எண்ணிக்கை, உடனே வெதுவெதுப்பான கடலை எண்ணெய். பிறகு, வாய் நொறுங்காமல் இருக்க, கேக் சுடும் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. வெளிர் வைக்கோல் நிறம் வந்தது.

2000 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து, சர்க்யூட் போர்டு அரிக்கிற பெர்ரிக் குளோரைடை நீர்க்கக் கலந்து தடவினேன். கோடு எழுந்து வந்தது, நெத்திலியின் விலாவில் ஓடுமே வெள்ளிக் கோடு, அதைக் கொஞ்சம் நெளித்துவிட்ட மாதிரி. வீட்டுக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகாத்தாங்க இருக்கு. மீன் அறுக்குமா?" என்றாள்.

அறுக்கும். அதில் குறை சொல்ல மாட்டேன். நாலு வருஷமாகப் பாறை, விளமீன், சீலா என்று எல்லாவற்றுக்கும் இதுதான். கடையில் வாங்கிய துருப்பிடிக்காத கத்தியை வாரம் ஒரு தடவை தீட்டினேன் என்றால் இதற்கு மாதம் ஒரு தடவை போதும். சீலாவைத் துண்டு போடும்போது தோல் இழுபடாமல் நேராக இறங்கும். நடு முள்ளை உரசிக்கொண்டு போகும்போது கைக்குத் தெரியும்.

என் கடுப்பெல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான். அது இருப்பதே இல்லை! முதல் வாரமே மீன் ரத்தத்தில் நீலம் பாய்ந்தது, புளித் தண்ணீரில் கறுத்தது, எலுமிச்சை பட்ட இடம் திட்டுத் திட்டாக வெளுத்தது. கழுவி வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் காவி படிகிறது. நம் ஊர்க் காற்று அப்படி. இரும்பு எப்படி அரிக்கிறது என்று சோதிக்க காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமே மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷம் இந்த உப்போடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. துருவைப் படிக்கத் தேடி வருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் துருப்பிடிக்கிற உருக்கில் சித்திர வேலை செய்திருக்கிறேன். நெத்திலி கருவாடாகிவிட்டது.

தேய்த்தால் திரும்ப வரும், அது நிஜம். கோடு உருக்குக்குள் இருக்கிறது, மேல்பூச்சு இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போகிறது, கத்தியும் முடியளவு மெலிகிறது. தேங்காய் எண்ணெய் பூசித் தாளில் சுற்றி வைத்தால் கோடு நிற்கும். அப்புறம் மீனை எதில் அறுப்பது?

பட்டறை இடம் கொடுத்த ஆசாரி முதலிலேயே சொன்னார். "அருவாளுக்கு நாங்க வாயை மட்டும்தான தம்பி தண்ணி காட்டுறோம். முதுகுச் சூடு கீழ இறங்கி நிறம் மாறுறப்ப முழுசா முக்குவோம். நீ எதுக்கு மண்ணைப் பூசிக்கிட்டு அலையிற?" அப்போது எனக்குக் கோபம். பிறகு ஒருநாள் சந்தேகம் வந்து, வீட்டில் கிடந்த பழைய அரிவாளை 800 தாளில் தேய்த்து எலுமிச்சை தடவினேன். மங்கலாக, நேராக, ஒரு கோடு. அந்த அரிவாளை அடித்தவர் அதை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார், பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு இருந்திருக்காது. நான் மறுபடி எண்ணெய் தடவி மாட்டிவிட்டேன்.

போன மாதம் மச்சினன் பெரிய சீலாத் தலையை இதால் ஓங்கிப் போட்டுப் பிளந்திருக்கிறான். வாயில் அரிசி அளவுக்குச் சில்லு. அந்தச் சில்லு கோடு வரைக்கும் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. முழுக்கக் கடினமான கத்தியாக இருந்திருந்தால் இரண்டாகப் போயிருக்கும். கோட்டை நான் மன்னித்த ஒரே நாள் அது.

கல்லில் தேய்த்து எடுக்கப் பொறுமை இல்லாமல் சாணைக் கடையில் கொடுத்தேன். தண்ணீர் தொடாமல் தேய்க்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். சில்லு போய்விட்டது, நுனி ஒரு அங்குலத்துக்கு நீலமாகிவிட்டது. நீலம் என்றால் 300 டிகிரிப் பக்கம் போயிருக்கிறது, 200-இல் நான் வைத்த பதம் அந்த இடத்தில் காலி. அரத்தை வைத்து இழுத்தால் முன்பு வழுக்கும், இப்போது பிடிக்கிறது.

இதில் உச்சம் என்னவென்றால், நீலத்தைத் தேய்த்து அமிலம் தடவிப் பார்த்தேன். செத்துப்போன அந்த ஒரு அங்குலத்திலும் கோடு ஜம்மென்று தெரிகிறது. இப்போது கத்தியிலேயே அழகாக இருப்பது அந்த இடம்தான். நல்ல வாய் இருக்கிற மீதி ஏழு அங்குலமும் கறுத்துக் கிடக்கிறது. நுனியை வெட்டி எறிய வேண்டும், இல்லாவிட்டால் முழுக் கத்தியையும் மறுபடி மண் பூசி நெருப்பில் வைத்து அந்த 'டிங்' சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்க வேண்டும்.

ஆகவே மாப்ள, பண்ணாதே. சந்தையில் துருப்பிடிக்காத கத்தி ஒன்று வாங்கிக்கொள், மீனுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

நீ கேட்க மாட்டாய் என்றும் தெரியும். வருவதென்றால் தடைக்காலத்தில் வா, அரத்தை நீயே கொண்டு வா, லாரிப் பட்டையைத் தூக்கிக்கொண்டு வராதே. பல்லை ஊரிலேயே வழித்துவிட்டு வந்தால் ஒருநாள் மிச்சம். மண்ணும் கரியும் நான் பார்த்துக்கொள்கிறேன். என் கத்தியைக் காட்டலாம் என்றால் இப்போது கையில் இல்லை. மச்சினன் கணவாய் வெட்ட வேண்டுமென்று எடுத்துப் போயிருக்கிறான், துடைக்காமல்தான் கொண்டுவருவான்.