23,500 ரூபாய் போச்சு: மலை ஏறும் பிக்கப்புக்கு ‘பவர் பாக்ஸ்’ மாட்டப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பாதியை விட்டுவிடுவேன்.

சமவெளியில், வண்டிக்கு சீட் கவர், ஸ்டிக்கர், லைட் எல்லாம் மாட்டும் ஒரு ஆக்சஸரீஸ் கடை. அங்கே போனது 23,500 ரூபாய். ‘பவர் பாக்ஸ்’ என்கிற ட்யூனிங் பாக்ஸ் 14,000, கோன் ஏர் ஃபில்டர் 5,500, ஆக்ஸிலேட்டர் கன்ட்ரோலர் 4,000. ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட்) செருகுகிற ‘மைலேஜ் சேவர்’ ஒன்று இலவசம். இதையெல்லாம் வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி பிஎஸ்6 காமன் ரயில் டர்போ டீசல் பிக்கப். (எல்லா இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷரில் டீசல் கொடுக்கிற பொதுக் குழாய்தான் இந்த ‘ரயில்’.) மேட்டுப்பாளையத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஊட்டி மலைப்பாதையில் கல்லார் தாண்டினால் இழுவை இல்லை. பர்லியாருக்கு மேலே இரண்டாவது கியரை விட்டு மாற்றவே முடியவில்லை. இதுதான் குறை.

கடைக்காரர் பொய்யில் ஆரம்பிக்கவில்லை. அதுதான் எரிச்சல். “மலை வண்டிங்களாண்ணா? மேலே போகப் போகக் காத்து கம்மிங்க, அதானுங்க இழுக்க மாட்டேங்குது” என்றார். உண்மைதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். டர்போ இல்லாத டீசல் என்றால் 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1 சதவீதம் பவர் போகும். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) அதில் பெரும்பகுதியைச் சரிக்கட்டும், ஆனால் அதற்காக இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். டர்போ எல்லை மீறிச் சுற்றக் கூடாது, புகை தள்ளக் கூடாது என்பதற்காக, உயரம் கூடும்போது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டீசலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். இவ்வளவும் சரியாகச் சொன்ன வாய், அதே மூச்சில் “இந்த பாக்ஸ் போட்டா 30 பர்சென்ட் பவர் ஏறும், மைலேஜும் ஏறும், ஒண்ணும் ஆகாதுங்கண்ணா” என்றது. முதல் பாதி சரியாக இருந்ததால் இரண்டாம் பாதியையும் நம்ப வைத்துவிட்டார். காற்று போதாத இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் பவர் எங்கிருந்து வரும்?

பிறகு டெமோ. காலி வண்டி, சமதள ரோடு. மிதித்ததும் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலுக்கும் 14,000 ரூபாய் பாக்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. அது கன்ட்ரோலரின் வேலை. ஆக்ஸிலேட்டர் பெடலில் இருக்கும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 60 மிதித்ததாகச் சொல்லும். முழுசாக மிதித்தால்? அப்போதும் 100தான், கன்ட்ரோலர் இல்லாமல் இருந்த அதே 100. இன்ஜினில் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. லோடோடு மலை ஏறுகிறவன் எப்படியும் முழு மிதியில்தான் போவான். அவனுக்கு இதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. காலி வண்டியில், அரை மிதியில் டெமோ காட்டுவதன் ரகசியம் இதுதான்.

பாக்ஸுக்கு வருவோம். ரயில் பிரஷர் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி நடுவில் மாட்டுவார்கள். சென்சார் சுமார் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சிக்னல் கொடுக்கும். பாக்ஸ் அதைக் குறைத்துக் காட்டும். உதாரணத்துக்கு, ரயிலில் 1,200 பார் பிரஷர் இருக்கும்போது ஈசியூவுக்கு 1,100 என்று போகும். பிரஷர் போதவில்லை என்று ஈசியூ பம்பை இன்னும் அழுத்தும். அதே இன்ஜெக்டர் திறப்பில் கூடுதல் டீசல் இறங்கும். காற்று தாராளமாக இருக்கும் சமவெளியில் இதனால் கொஞ்சம் பவர் ஏறும், இல்லை என்று சொல்ல மாட்டேன். மலையில் ஈசியூ வேண்டுமென்றே குறைத்த டீசலை இது திருட்டுத்தனமாகத் திரும்ப ஊற்றுகிறது. எரியாத டீசல் கரும்புகை. சைலன்சர் பக்கம் சூடு ஏறும், டர்போவுக்கு வேலை கூடும், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சீக்கிரம் அடைக்கும், ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டரும் தேயும். பழைய கிளட்ச் பிளேட் என்றால் வழுக்க ஆரம்பிக்கும்.

நடந்ததும் அதுதான். லோடோடு மரப்பாலம் பக்கம் கொண்டை ஊசி வளைவில் கரும்புகை, செக் லைட், வண்டி லிம்ப் மோடுக்குப் போய்விட்டது, அதாவது ஈசியூவே பவரைக் குறைத்துவிட்டது. பின்னால் பஸ். ஸ்கேனரில் வந்த எரர் கோட் பி0191: ரயில் பிரஷர் சென்சார் சிக்னல் சரியில்லை. பாக்ஸைக் கழற்றி, எரர் கோட் எண்ணை அழித்ததும் லைட் வரவில்லை.

பாக்ஸைத் திறந்து பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு சர்க்யூட் போர்டு, ரெண்டு மூணு ரெசிஸ்டர், திருகினால் மாறும் ஒரு குட்டி டயல். மீதி இடம் முழுக்கக் கறுப்புப் பசை. 14,000 ரூபாய். இலவச மைலேஜ் சேவர் இன்னும் மோசம். ஓபிடி சாக்கெட்டில் கேன் லைன் (ஈசியூவோடு பேசும் ஒயர்) இருப்பது 6, 14 பின்களில். இதில் அந்த இரண்டிலிருந்தும் உள்ளே ஒயரே போகவில்லை. கரண்ட் எடுத்து எல்இடி மினுக்குவது ஒன்றுதான் அதன் வேலை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ இந்த மாதிரி எரிபொருள் மிச்சக் கருவிகளை வருஷக்கணக்காகச் சோதித்து, மைலேஜைப் பெரிதாகக் கூட்டுகிற ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

கோன் ஃபில்டர்: கம்பெனி டப்பாவைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், வெளிக்காற்றுக்குப் பதில் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் உறிஞ்சும். சூடான காற்று அடர்த்தி குறைவு. ஏற்கெனவே காற்று கம்மி என்று அழுகிற வண்டிக்கு இது வைத்தியமாம்! அதில் தடவுகிற எண்ணெய் ஏர் ஃப்ளோ சென்சாரில் படிந்தால் அது தனிச் செலவு.

போன் போட்டால் முதல் பதில்: “இன்னும் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கண்ணா, ஈசியூ கத்துக்கும்.” இதில் ஈசியூ கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பாக்ஸ் சொல்லும் பொய்யைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்தது, “டயலை 3-ல வைங்க.” அடுத்தது, “ஓனர் வெளியூருங்க.” கடைசியாக, “நீங்க திறந்து பாத்துட்டீங்க, வாரண்டி போச்சுங்க.” வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால், கையில் இருப்பது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் தாள்தானே, பில் இல்லையே என்கிறார்கள். பில் கேட்டபோது அந்தத் தாளைக் கொடுத்ததே அவர்கள்தான்! 23,500 ரூபாயும் கடைப் பெயருக்குப் போகாமல் யாரோ ஒருவர் பெயரிலுள்ள யூபிஐக்குப் போயிருக்கிறது. கம்பெனி சர்வீஸில் ஜாப் கார்டில் ‘வெளிச் சாதனம் பொருத்தப்பட்டது’ என்று எழுதி, சென்சார் வாரண்டியையும் கைவிரித்துவிட்டார்கள்.

இழுவை போனதற்கு உண்மைக் காரணம் என்ன தெரியுமா? இன்டர்கூலர் ஹோஸ், அதாவது டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரோடு சேர்ந்த குழாய். கிளாம்ப் பக்கத்தில் அடிப்புறமாக விரிசல், சுற்றிலும் எண்ணெய்க் கறை. டர்போ அடிக்கும் காற்று அங்கேயே வெளியே போய்க்கொண்டிருந்தது. குன்னூர் மெக்கானிக் சோப்புத் தண்ணீர் தெளித்து, இன்ஜினை ரேஸ் பண்ணச் சொன்னதும் குமிழ் கிளம்பியது. ஹோஸும் கிளாம்பும் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

சரி, சொல்கிறேன் என்ற விஷயம். இழுவை இல்லை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், ஹோஸ், கிளாம்ப் பாருங்கள். மழை, பனிக் காலத்தில் டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்துவிடுங்கள். வீலைத் தூக்கிச் சுற்றி பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பிறகு இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்: ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்தால், நாலு பாட்டிலிலும் ஒரே அளவு வர வேண்டும். டெமோ என்றால் முழு லோடு, ஏற்றம், முழு மிதி. மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் தராதீர்கள். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-யில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அது ஓனர் தலையில்தான், கடைக்காரர் தலையில் இல்லை. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

கடைப் பெயர் கேட்டு யாரும் எழுத வேண்டாம். புகார் போயிருக்கிறது, 23,500 ரூபாய் திரும்பி வரும்வரை பெயர் சொல்வதாக இல்லை.