தீவுப் பயணத்துக்கு எந்த லைன்? ரோமிங், உள்ளூர் சிம், இ-சிம்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரிலிருந்து தீவுக்குக் கிளம்புகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே அறிவுரைதான் வரும்: "ரோமிங் போட்டுக் காசைக் கரியாக்காதே, அங்கே போய் ஒரு சிம் வாங்கிக்கொள்." கோலாலம்பூர், பேங்காக், சென்னை என்று போகிறவர்களுக்கு இது சரியான அறிவுரை. ஆனால் மலேசியாவின் தியோமான் தீவின் மறுபக்கத்துக்கோ இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளின் கடைக்கோடிக்கோ போகிறவர்களுக்கு இது பொருந்தாது என்பது என் கட்சி. அக்கா குடும்பமும் நாங்களுமாகத் தியோமான் போனபோது என் சிங்கப்பூர் லைனிலேயே ரோமிங் போட்டுக்கொண்டேன். இனி எந்தத் தீவுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். காரணத்தைச் சொல்கிறேன். ரோமிங் தோற்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

விலையை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் உள்ளூர் சிம் மலிவு, இ-சிம் நடுவில், ரோமிங் பெரும்பாலும் மேலே. ஆனாலும் ரோமிங் இப்போது முன்பு போல வயிற்றில் புளியைக் கரைப்பதில்லை. சில மாதாந்திரத் திட்டங்களில் மலேசியா, இந்தோனேசியாவுக்கான ரோமிங் டேட்டா சேர்ந்தே வருகிறது. உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பலர் இருப்பது தெரியாமலேயே வெளியே காசு கொடுக்கிறார்கள். வசதி என்று எடுத்துக்கொண்டால், அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் இ-சிம்முக்கு ஈடில்லை. வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடி வாங்கலாம்.

இதெல்லாம் தெரிந்த கதை. தீவில் ஜிபி விலை முக்கியமே இல்லை. சிக்னல் கிடைக்கிற இரண்டு மூன்று இடங்களில் நின்றுகொண்டு எவ்வளவு டேட்டாவைத்தான் செலவழித்துவிட முடியும்? அங்கே நமக்குத் தேவைப்படுவது சின்னச் சின்ன விஷயங்கள். தியோமானுக்குப் படகு ஏறும் மெர்சிங் படகுத்துறையில் படகு நேரம் கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்து மாறும், அந்தத் தகவல் வாட்ஸ்அப்பில்தான் வரும். விடுதிக்காரர் ஜெட்டிக்கு ஆள் அனுப்பியிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். கார்டு போட்டால் ஓடிபி வர வேண்டும். இவற்றுக்கு ஒரு எம்பி போதும். ஆனால் அந்த ஒரு எம்பி கிடைக்க வேண்டுமே!

எல்லாம் டவரில் இருக்கிறது

சிங்கப்பூரில் எந்த நிறுவனத்தின் லைன் வைத்திருந்தாலும் நிலத்தடி எம்ஆர்டி ரயில் வரை சிக்னல் வருகிறது. அதனால் நெட்வொர்க் என்பது ஊருக்குப் பொதுவானது போல நமக்குத் தோன்றிவிட்டது. தொலைவான தீவில் நிலைமை வேறு. ஒரு கம்போங்கில், அதாவது கிராமத்தில், ஒரு நிறுவனத்தின் டவர் மட்டும் இருக்கும். மலையைத் தாண்டிய அடுத்த கம்போங்கில் வேறொரு நிறுவனத்தின் டவர். நடுவில் காடு, ஒன்றுமே கிடையாது.

தியோமானையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 1,038 மீட்டர் உயர காஜாங் மலை. தெக்கெக், சாலாங், கெந்திங், பாயா என்று பெரும்பாலான கம்போங்குகள் மேற்குக் கரையில், நிலப்பகுதியைப் பார்த்தபடி இருக்கின்றன. ஜுவாரா மட்டும் கிழக்குக் கரையில், மலைக்கு அந்தப் பக்கம். தெக்கெக்கிலிருந்து செங்குத்தான பாதையில் பெரும்பாலும் ஜீப்பில்தான் போவார்கள். கைப்பேசி அலைகள் மலையை ஊடுருவிப் போவதில்லை. கடல் மேல் தடையில்லை என்பதால் வெகுதூரம் போகும். 50 மீட்டர் உயர டவரின் உச்சியிலிருந்து பார்த்தால் அடிவானம் ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இருக்கும், அந்தத் தூரம் வரை அலைகளுக்கு நேர்வழி. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது "மலேசியாவுக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி வருகிறதே, அது ஜோகூர் டவர் தண்ணீரைத் தாண்டி எட்டிப் பார்ப்பதால்தான். ஆக, மெர்சிங்கிலிருந்து கிளம்பும் படகில் கொஞ்ச நேரம் சிக்னல் இருக்கும், நடுக்கடலில் போய்விடும், தீவை நெருங்கும்போது வரும், மலைக்குப் பின்னால் போனால் மறுபடி போய்விடும். அந்த மறுபக்கத்தில் யாருடைய டவர் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உள்ளூர் சிம் ஒரே கடையில் மட்டும் செல்லும் பற்றுச்சீட்டு மாதிரி. அந்த நிறுவனத்தின் டவர் இல்லாத இடத்தில் பக்கத்து நிறுவனத்தின் டவர் நான்கு கோடு காட்டினாலும் அது உங்களை உள்ளே விடாது. டவரைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களும் இருக்கின்றன, அங்கே இந்தப் பேச்சுக்கே வேலையில்லை. ரோமிங் லைனுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நம் சிங்கப்பூர் நிறுவனம் ஒரே நாட்டில் பல நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். ஒன்று இல்லாவிட்டால் கைப்பேசி அடுத்ததைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

ஜுவாராவில் நடந்தது இதுதான். மைத்துனர் ஜோகூர் பாருவில் வாங்கிய சிம் தெக்கெக்கில் ஜோராக வேலை செய்தது. மலையைத் தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது. என் ரோமிங் லைனும் முதலில் 'சேவை இல்லை' என்றே காட்டியது, கொஞ்ச நேரத்தில் வேறொரு மலேசிய நிறுவனத்தின் பெயர் மேலே வந்தது. இரண்டே கோடுதான். வாட்ஸ்அப்புக்கு அது போதாதா? அதன் பிறகு அக்கா வீட்டுப் பிள்ளைகள் இருவரும் என் ஹாட்ஸ்பாட்டை விட்டு நகரவில்லை என்பது தனிக் கதை.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். கைப்பேசி தானாகவே நல்ல டவருக்கு மாறிவிடும் என்று முழுதாக நம்பாதீர்கள். முதலில் பிடித்த நெட்வொர்க் அரைக்கோடு காட்டிக்கொண்டிருந்தால் அது அதையே கட்டிக்கொண்டு அழும், பக்கத்தில் வலுவான டவர் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அமைப்புகளுக்குள் போய், நெட்வொர்க் தேர்வில் 'தானியங்கி' என்பதை அணைத்தால் ஒன்றிரண்டு நிமிடம் தேடிவிட்டு அங்கே கிடைக்கும் எல்லா நிறுவனங்களின் பெயரையும் வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். இடம் மாறியதும் மறக்காமல் தானியங்கிக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மெர்சிங்கில் இறங்கிய பிறகும் அது அந்தத் தீவு நெட்வொர்க்கையே தேடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, இதுதான் ரோமிங்கின் பலவீனமும்கூட: சில ரோமிங் பேக்குகள் அந்த நாட்டில் குறிப்பிட்ட ஒரு கூட்டாளி நிறுவனத்தோடு மட்டுமே செல்லுபடியாகும். வேறு டவரைப் பிடித்தால் டேட்டாவே வராது, அல்லது பேக்குக்கு வெளியே தனிக் கட்டணம் ஏறும். அப்படிப்பட்ட பேக் வாங்கினால் உள்ளூர் சிம்மின் குறையை ரோமிங் விலைக்கு வாங்கியதாகிவிடும். எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன் "மலேசியாவில் எந்தெந்த நெட்வொர்க்கில் இந்த பேக் ஓடும்?" என்று கேளுங்கள். பட்டியலில் ஒரே பெயர் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இ-சிம்மும் ஒருவகை ரோமிங்தான்

பயண இ-சிம் உள்ளூர் சிம்மின் மின்வடிவம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவற்றில் பெரும்பாலானவை வேறொரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் லைன்கள். உங்கள் டேட்டா அந்த மூன்றாவது நாட்டைச் சுற்றிக்கொண்டு வரும், அதனால் சற்றுத் தாமதம் இருக்கும். விற்கும் பக்கத்தில் 'நெட்வொர்க்' என்று ஒரு வரி இருக்கும், அதில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் என் வாதப்படி அதுவும் நல்ல தெரிவு, ரோமிங்கை விட மலிவாகவும் முடியும். ஒரே பெயர் இருந்தால் மேலே சொன்ன கதைதான். பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், பேசுவதற்கு எண் கிடையாது. சிங்கப்பூர் சிம்மை டேட்டா இல்லாமல் இன்னொரு பக்கம் உயிரோடு வைத்திருந்தால் ஓடிபி குறுஞ்செய்தி வந்துவிடும். கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிட வேண்டும், தீவில் இறங்கி நிறுவ இணையம் எங்கே இருக்கிறது? பல இ-சிம்களை ஒரு முறைதான் நிறுவ முடியும், தவறுதலாக அழித்தால் போனது போனதுதான். நான் இ-சிம்மை நகரங்களில்தான் பயன்படுத்தியிருக்கிறேன், தீவில் சோதித்ததில்லை. அதனால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

உள்ளூர் சிம் ஜெயிக்கும் இடம்

ஜேபிக்கு (ஜோகூர் பாருவுக்கு) அடிக்கடி போகிற பலரிடம் ஏற்கெனவே ஒரு மலேசிய சிம் இருக்கும். அது காலாவதியாகாமல் டாப்-அப் செய்து வைத்திருந்தால் எடுத்துப் போங்கள், நஷ்டமில்லை. மலேசிய நிறுவனங்களான செல்காமும் டிஜியும் 2022 கடைசியில் ஒன்றாகிவிட்டன. அதனால் முன்பு போல இரண்டில் எது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தோனேசியாவில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஒதுக்குப்புறத் தீவுகளில் டெல்கொம்செல் நிறுவனத்தின் வீச்சுக்குப் பக்கத்தில் மற்றவை வருவதில்லை. ஒரு நிறுவனம் அந்த அளவுக்கு முன்னால் நிற்கும்போது பல நெட்வொர்க் வேண்டும் என்ற என் வாதம் வலுவிழக்கிறது. வாரக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் அதையே வாங்கலாம். ஆனால் அங்கே ஒரு முடிச்சு: வெளிநாட்டில் வாங்கிய கைப்பேசியில் உள்ளூர் சிம் போட்டால் அந்தக் கைப்பேசியின் ஐஎம்இஐ என்ற தனி அடையாள எண் பதிவாகியிருக்க வேண்டும். சுற்றுப்பயணிகளுக்கு நிறுவனத்தின் கிளையில் கடப்பிதழைக் காட்டி 90 நாளுக்குப் பதிந்து கொடுப்பார்கள். தீவில் டாப்-அப் விற்கும் பெட்டிக்கடையில் இது நடக்காது, பாத்தாம் போன்ற பெரிய ஊரிலேயே முடித்துவிட வேண்டும். ரோமிங்குக்கு இந்தப் பதிவு எதுவும் வேண்டாம். இரண்டு இரவு தங்கப் போகிறவர் இதற்காக அரை நாளைத் தொலைப்பாரா?

அந்தமான் பற்றி உறவினர்கள் அதிகம் கேட்கிறார்கள். நான் போனதில்லை. ஆனால் அங்கே எந்த சிம் என்பதைவிட இணையம் தீவுக்கு எப்படி வருகிறது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 2020 ஆகஸ்ட் வரை செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. அதன் பிறகு சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட சில தீவுகளுக்கும் போயிருக்கிறது. டவரில் முழுக்கோடு காட்டியும் பக்கம் திறக்காத அனுபவம் பல தீவுகளில் உண்டு. கைப்பேசிக்கும் டவருக்கும் நடுவே குறை இருக்காது, டவருக்கும் வெளியுலகுக்கும் இடையே உள்ள குழாய்தான் சின்னது. அதற்கு ரோமிங், உள்ளூர் சிம், இ-சிம் மூன்றுமே மருந்தில்லை, எல்லாம் அதே குழாயில்தான் போக வேண்டும். சாயங்காலம் எல்லோரும் ஸ்நார்க்கலிங் முடித்து வந்து படம் ஏற்றும் நேரத்தில் இழுக்கும், விடிகாலையில் பறக்கும்.

அந்தமான் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: செயற்கைக்கோள் தொலைபேசியையோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவியையோ அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. மலையேறும் பழக்கமுள்ளவர்கள் பையில் அதைக் கழற்றாமல் வைத்திருப்பார்கள். வெளிநாட்டவர் கைதாகியிருக்கிறார்கள்.

மற்றபடி, விடுதி வைஃபையையும் கணக்கில் சேர்க்கலாம். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் மலேசியாவுக்கு 2023லும் இந்தோனேசியாவுக்கு 2024லும் வந்துவிட்டது. கூரையில் அந்தத் தட்டு இருக்கும் விடுதியில் டவரை நம்ப வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போது "வைஃபை அறையிலா, சாப்பாட்டுக் கூடத்தில் மட்டுமா? ஜெனரேட்டர் பகலில் ஓடுமா?" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

பெரியவர்களோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 3ஜி 2021 கடைசியில் மூடப்பட்டது, இங்கே சிங்கப்பூரிலும் 2024ல் முடிந்தது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பை எடுக்கும் வசதி ரோமிங்கில் வேலை செய்யாவிட்டால் அழைப்பு 2ஜிக்குத்தான் இறங்கும். 2ஜி இல்லாத இடத்தில் டேட்டா வரும், அழைப்பு வராது. வழக்கமான எண்ணுக்கு மட்டுமே அழைக்கத் தெரிந்த அம்மாவுக்குக் கிளம்பும் முன் வாட்ஸ்அப் அழைப்பைப் பழக்கிவிடுங்கள். ரோமிங்கில் உள்வரும் அழைப்புக்கும் காசு பிடிப்பார்கள் என்பதால் அது பர்சுக்கும் நல்லது. அவசரத்துக்கு மலேசியாவில் 999. கைப்பேசியில் 112 அடித்தாலும் அங்கேதான் போகும், உங்கள் நிறுவனத்துக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் கிடைக்கிற எந்த டவர் வழியாகவும் கைப்பேசி அதை முயலும்.

குடும்பமாகப் போனால் எல்லோரும் ஒரே பேக்கை வாங்காதீர்கள். ஒருவர் கைப்பேசியில் பல நெட்வொர்க் பிடிக்கும் ரோமிங், இன்னொருவர் கைப்பேசியில் உள்ளூர் சிம். எந்த நிறுவனத்தின் சிம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல், விடுதிக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பி அவர் வைத்திருப்பது எது என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த தடவை மைத்துனர் அப்படித்தான் வாங்கப் போகிறாராம், ரோமிங் நான்தான் போட வேண்டுமாம்.